எங்கள் வீட்டுப் பற்களில் ஓடும் நெடுக்குக் கோடுகள்

தர்மபுரிப் பக்கம் ஒருவருக்குப் பல் கறையாக இருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. "போர் தண்ணி குடிச்ச பல்லு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

ஆனால் அந்த ஒரு காரணத்தை எல்லார் பல் மேலும் ஏற்றிவிட முடியாது. என் அப்பாவின் பல்லுக்கும், என் பல்லுக்கும், என் மகனின் பல்லுக்கும் தண்ணீர் காரணமில்லை. பல்லின் மேலுறையான எனாமலை உருவாக்கும் மரபணு ஒன்றில் வந்த மாற்றம் எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று அதற்குப் பெயர். பெயர் தெரிவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுகளையும், தெரிந்த பிறகு நாங்கள் செய்தவற்றையும் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற இன்னொரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உதவும் என்று நம்புகிறேன்.

என் மகனுக்குப் பால்பல் முளைத்தபோதே மஞ்சளாகத்தான் முளைத்தது. பற்கள் சின்னதாக இருந்தன, ஒன்றையொன்று தொடாமல் நடுவில் சந்து விட்டு நின்றன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அழுவான். அவன் ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவன். அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். அப்படியும் தண்ணீர் என்றார்கள். பிறகு, நான் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட சத்து மாத்திரையால் என்றார்கள். சரியாகப் பால் கொடுக்கவில்லை, இனிப்பு கொடுத்துக் கெடுத்துவிட்டாள், பல் துலக்கிவிடுவதில்லை என்றெல்லாம் சொன்னார்கள். எல்லாக் காரணமும் சுற்றிச் சுற்றி அம்மாவிடம்தான் வந்து நின்றது.

முதலில் காட்டிய கிளினிக்கில் கால்சியம் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பல் பிரிவுக்குப் போனோம். அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர் அவன் வாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் லைட் பக்கம் வாங்க. உங்க பல்லையும் பார்க்கணும்" என்றார். என் முன்பல்லின் மேல் கருவியை மெதுவாகக் குறுக்கே ஓட்டினார். மேடும் பள்ளமுமாக அது ஏறி இறங்கியது எனக்கே கேட்டது. "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பா அம்மா யாருக்காவது பல் இப்படி இருந்துச்சா?" என்று அடுத்த கேள்வி.

என் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே பற்கள் ஈறு வரை தேய்ந்துபோயிருந்தன. புகையிலை என்று ஊரில் சொன்னார்கள். அவர் புகையிலை போட்டதே இல்லை.

அந்த டாக்டர் விளக்கியதும், அப்புறம் நான் தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இது. எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம்தான். அதைச் செய்கிற செல்களுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயர். பல் ஈறுக்குள் இருக்கும்போதே அவை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற கணக்கில் எனாமலைப் போட்டுக்கொண்டே வெளிப்பக்கமாக நகர்கின்றன. பல் முளைக்கும் நேரத்தில் அந்தச் செல்கள் எல்லாம் அழிந்துவிடும். அதற்குப் பிறகு எனாமலை வளர்க்க வாயில் ஆளே கிடையாது. முளைத்த பல்லுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்து எனாமலைத் திரும்ப வரவைக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். எலும்பு உடைந்தால் கூடும், எனாமல் போனால் போனதுதான். கால்சியம் குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் மாத்திரை கொடுக்கலாம். பல்லுக்காக என்று வருடக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

செல்கள் முதலில் கொட்டுவது முழுக்கக் கனிமம் இல்லை, நிறையப் புரதம். அதில் சுமார் 90 சதவீதம் அமெலோஜெனின் என்ற ஒரே புரதம். கூடவே எனாமலின், அமெலோபிளாஸ்டின் என்று சிறு அளவில் வேறு சில. தளம் போடும்போது சென்ட்ரிங் பலகை அடித்து, கான்கிரீட் இறுகியதும் பலகையைக் கழற்றுவார்கள் இல்லையா, அதுமாதிரி இந்தப் புரதங்கள் இருந்துதான் கனிமப் படிகங்கள் நீளமாக ஒழுங்காக வளர்கின்றன. பிறகு எம்எம்பி20, கேஎல்கே4 என்ற இரண்டு என்சைம்கள் புரதத்தை வெட்டி அப்புறப்படுத்துகின்றன. காலியான இடத்தில் கனிமம் நிறைந்து எனாமல் கெட்டிப்படுகிறது.

இதில் எந்தக் கட்டத்தில் கோளாறு வருகிறதோ அதற்கேற்பப் பல் மாறும். ஆரம்பத்திலேயே புரதம் குறைந்தால் எனாமல் கெட்டியாக இருக்கும், ஆனால் மெல்லிசாக இருக்கும். என் மகனுக்கு அதுதான். பல்லுக்குப் பல் சந்து இருந்ததும் அதனால்தான், பற்களைத் தொட வைக்கிற அளவுக்கு எனாமலுக்குத் தடிமன் இல்லை. புரதத்தை அப்புறப்படுத்துவதில் கோளாறு என்றால் எனாமல் போதுமான தடிமனில் இருக்கும், ஆனால் மங்கலாகப் புள்ளிபுள்ளியாக இருந்து சீக்கிரம் பெயரும். கனிமம் ஏறுவதே கெட்டுப்போனால் முளைத்த கொஞ்ச நாளிலேயே சுரண்டினால் வருகிற அளவுக்கு மெத்தென்று இருக்கும். ஃபேம்83எச் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்தக் கடைசி வகை வருகிறது. எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். சிகிச்சை அதை வைத்துத்தான் மாறும். மெல்லிசான எனாமலில் பல் நிறப் பூச்சு நன்றாகப் பிடிக்கும், மெத்தென்ற எனாமலில் பிடிக்காமல் கழன்று கழன்று வரும்.

இப்போது என் பல்லில் இருந்த கோடுகளுக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அமெலோஜெனினுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அமெல்எக்ஸ் என்பார்கள். பரம்பரை எனாமல் கோளாறுக்கு முதன்முதலில் அடையாளம் கண்ட மரபணுவும் இதுவே. சுவீடன் நாட்டுக் குடும்பம் ஒன்றில் இந்த மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டிருப்பதை 1991-ல் கண்டார்கள். ஒய் குரோமோசோமிலும் இதன் ஒரு பிரதி உண்டு, ஆனால் அதிலிருந்து வருவது சுமார் பத்தில் ஒரு பங்குதான், அதை வைத்துச் சமாளிக்க முடியாது. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதில் கோளாறு என்றால் எல்லாப் பல்லும், பல் முழுவதும் ஒரே மாதிரி பாதிக்கப்படும். என் அப்பாவும் என் மகனும் அப்படித்தான்.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று கரு உருவாகும் ஆரம்ப நாட்களிலேயே அணைந்துவிடுகிறது. எது அணையும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். அந்தச் செல்லின் சந்ததி முழுவதும் அதே முடிவோடு வாழும். எலிகளின் ரோமத்தில் வரும் திட்டுகளை வைத்து மேரி லயன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1961-ல் சொன்னது இது. என் பல்லை உருவாக்கிய செல்களில் ஒரு கூட்டத்தில் நல்ல எக்ஸ் விழித்திருந்தது, பக்கத்துக் கூட்டத்தில் கோளாறான எக்ஸ் விழித்திருந்தது. ஒரு பட்டை சரியான தடிமன், அடுத்த பட்டை மெல்லிசு என்று மேலிருந்து கீழாக நெடுக்குக் கோடுகள் வந்துவிட்டன. நான் அம்மாவின் வயிற்றில் சின்னஞ்சிறு கருவாக இருந்தபோது நடந்ததன் தடம் என் முன்பல்லில் தெரிகிறது என்று அந்த டாக்டர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. அதுவரை சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வேன். இப்போது மூடுவதில்லை.

தண்ணீரால் வரும் கோடு இப்படி ஓடாது. ஃப்ளோரைடு அதிகமாக உள்ளே போன காலத்தில் அந்தப் பல்லில் எந்த அடுக்கு உருவாகிக்கொண்டிருந்ததோ அந்த அடுக்கு முழுவதும் பாதிக்கப்படும். அதனால் வெள்ளைக் கோடுகள் பல்லின் குறுக்கே, படுக்கைவசமாக ஓடும். குழந்தையாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் வந்தவர்களுக்கும் இப்படிக் குறுக்குக் கோடு விழலாம். ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த என் தம்பியின் பல்லில் இருப்பது குறுக்குக் கோடு. அவன் பல் தண்ணீர்ப் பல். எங்கள் தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே கோடுகள் உண்டு.

வீட்டில் இருந்தபடியே கவனிக்கக்கூடிய இன்னும் சில அடையாளங்களும் உண்டு. பால்பல்லிலேயே அழுத்தமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பால்பல் எனாமலில் கணிசமான பங்கு வயிற்றிலிருக்கும்போதே உருவாகிவிடுவதால் தண்ணீர்க் கறை அதில் பொதுவாகக் குறைவு. எல்லாப் பல்லிலும் இருக்கிறதா, சில பல்லில் மட்டுமா என்று பாருங்கள். ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பல்லிலும் முன்பல்லிலும் மட்டும் மஞ்சள் திட்டு இருந்தால் அது வேறொரு கோளாறு, இப்போது நிறையக் குழந்தைகளுக்கு வருகிறது, பரம்பரை என்று சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்தால் இன்னும் தெளிவாகும். என் மகனுக்கு எடுத்ததில், ஈறுக்குள் காத்திருந்த நிரந்தரப் பற்களிலும் எனாமல் மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. முளைக்காத பல்லை எந்த இனிப்பும் கெடுத்திருக்க முடியாது. அந்தப் படத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். அதன் பிறகு யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

மகனுக்கு இது என்னிடமிருந்துதான் வந்தது. ஆனால் நான் சாப்பிட்டதோ சாப்பிடாததோ செய்ததோ செய்யாததோ எதுவும் இதற்குக் காரணமில்லை. என்னிடம் இருந்த இரண்டு எக்ஸில் எது போகும் என்பதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை எல்லா அம்மாக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பாதிப்பு இருந்தால் உள்ளே கறுப்பு. அப்பா கறுத்த சதுரம். அவருடைய ஒரே எக்ஸ் எல்லா மகள்களுக்கும் போகும், எந்த மகனுக்கும் போகாது. நானும் அக்காவும் பாதி கறுத்த வட்டம். தம்பி வெள்ளைச் சதுரம். அக்காவின் மகன் வெள்ளை, அக்காவின் மகளுக்கு என்னைப் போலவே கோடு. வரைந்து முடித்ததும் படமே பதில் சொல்லிவிட்டது. நீங்களும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் இதை வீட்டில் வரைந்து எடுத்துப் போங்கள். செத்துப்போனவர்களின் பல் எப்படி இருந்தது என்று கிழவிகளிடம் கேளுங்கள். பழைய கல்யாண போட்டோக்களில் சிரித்த முகம் இருந்தால் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று பலர் கேட்டார்கள். எங்கள் வகைக்கு அதில் பங்கில்லை, நானும் என் கணவரும் உறவுமில்லை. தம்பியின் மகளுக்கும் இது வராது. ஆனால் எம்எம்பி20, கேஎல்கே4 போன்ற மரபணுக்களில் வரும் வகைகளுக்கு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் கோளாறான பிரதி வர வேண்டும். தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடும். அப்பா அம்மா இருவர் பல்லும் நன்றாக இருந்து பிள்ளைக்கு மட்டும் இப்படி வந்தால், உறவுமுறையை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சில வகைகளில் பல் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஃபேம்20ஏ என்ற மரபணுவில் கோளாறு வந்தவர்களுக்கு எனாமல் ஏறக்குறைய இருக்கவே இருக்காது, ஈறு தடித்து வளரும், பல் முளைக்காமல் உள்ளேயே நிற்கும். கூடவே சிறுநீரகத்தில் கால்சியம் படியும். வலி ஒன்றும் தெரியாமலே படியலாம். வயிற்று ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். இன்னொரு வகையில் குழந்தையிலிருந்தே வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசும், பார்வை மங்கும். வேறொன்றில் வலிப்பு வரும். எங்கள் டாக்டர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். உங்கள் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். தடித்த ஈறு, முளைக்காத பல், கண் கூச்சம் இவற்றில் ஏதாவது இருந்தால் சிறுநீரக ஸ்கேனும் கண் பரிசோதனையும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பல்லை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் அந்தக் குழந்தைக்குப் பெரிய இழப்பு.

சிகிச்சை எங்களுக்குப் பின்பல்லிலிருந்து தொடங்கியது. பால் கடைவாய்ப் பற்களுக்கு ஸ்டீல் கேப் போட்டார்கள். ஆறு வயதில் நிரந்தரக் கடைவாய்ப் பல் தலைகாட்டியதும், போதுமான அளவு வெளியே வரும் வரை ஃப்ளோரைடு வார்னிஷும் சிமென்ட் பூச்சும் போட்டுக் காத்துவந்து, பிறகு அதற்கும் ஸ்டீல் கேப். வெள்ளிப் பல் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று நான் தயங்கியபோது, கடைவாய்ப் பல் தேய்ந்து உயரம் குறைந்தால் பின்னால் எல்லாப் பல்லுக்கும் இடம் பிரச்சினையாகும் என்று டாக்டர் விளக்கினார். அந்த ஆறு வயதுப் பல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். முன்பற்களுக்குப் பல் நிறப் பூச்சு. அது நிரந்தரமில்லை, சில வருடங்களில் நிறம் மாறும், ஓரம் உடையும், திரும்பப் போட வேண்டும். பீங்கான் கேப்பை இப்போதே போடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். வளரும் வயதில் பல்லின் உள்ளே நரம்பறை பெரிதாக இருக்கும், ஈறும் இன்னும் கீழிறங்கும், அதனால் வளர்ச்சி முடியும் வரை, ஏறத்தாழ பதினெட்டு வயது வரை பொறுக்கச் சொன்னார் டாக்டர். மேல் கீழ் முன்பற்கள் கடித்தாலும் சேராமல் நிற்பது இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும். அதையும் கண்காணிக்கிறார்கள்.

பல் கூச்சம்தான் அன்றாடத் தொல்லை. கூசுகிறது என்று துலக்காமல் விட்டால் பற்காரை படிந்து ஈறு வீங்கும், ஈறு வீங்கினால் துலக்கவே முடியாது. நாங்கள் வெதுவெதுப்பான தண்ணீரில், மிக மென்மையான பிரஷ்ஷில் துலக்குகிறோம். உப்பு, கரி, செங்கல் பொடி, சாம்பல் எதுவும் பல் பக்கம் வரக்கூடாது. இருக்கிற மெல்லிய எனாமலையும் அது சீவிவிடும். மாங்காய், எலுமிச்சை, கலர் சோடா சாப்பிட்டால் வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் துலக்குவான். பற்காரை எடுக்கும்போது மரப்பு ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஒரு முறை வலியோடு எடுத்தால் குழந்தை அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்காராது.

எங்கள் ஊரில் ஃப்ளோரைடு பேஸ்ட் என்றாலே பயம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பல் உருவாகும் வயதில் வயிற்றுக்குள் போகிற ஃப்ளோரைடுதான் கறையை உண்டாக்குகிறது. முளைத்த பல்லின் மேல் படுகிற ஃப்ளோரைடு எனாமலைக் காக்கிறது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு பேஸ்ட், துப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். குடிக்கிற தண்ணீர் பற்றிச் சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மரபணுப் பரிசோதனை கடைசியாகத்தான் செய்தோம். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், அமெல்எக்ஸில் மாற்றம் என்று முடிவு வந்தது. சிகிச்சை அதற்காகக் காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் கூடாது. செலவு செய்ய முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், குடும்ப மரமும் எக்ஸ்ரேயும் இருந்தாலே டாக்டர் வேலையைத் தொடங்கிவிடலாம். செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எனாமலோடு தொடர்புடைய மரபணுக்கள் பல இருக்கின்றன, எல்லாக் குடும்பத்துக்கும் விடை கிடைப்பதில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்று அறிக்கை வந்தால் பரம்பரை இல்லை என்று அர்த்தமாகாது. பொருள் தெளிவாகாத மாற்றம் என்று வந்தால், அதை வைத்துக் கல்யாணப் பேச்சில் யாரும் முடிவெடுக்க விடாதீர்கள். இது எவ்வளவு அரிது என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வடக்கு சுவீடனில் 700 பேரில் ஒருவருக்கு என்று ஒரு கணக்கும், அமெரிக்காவில் 14,000 பேரில் ஒருவருக்கு என்று ஒரு கணக்கும் இருக்கின்றன.

பள்ளியில் ஒரு ஆசிரியர் வகுப்பில் எல்லார் முன்னாலும் "நாளைக்குப் பல் துலக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அவன் இரண்டு வேளையும் துலக்குகிற பிள்ளை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் பேசினேன். இது எனாமல் குறைபாடு, சுத்தக்குறைவு இல்லை, குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று மூன்று வரி. ஆசிரியர் அவனிடம் வருத்தம் தெரிவித்தார். ஒவ்வொரு வகுப்பு மாறும்போதும் அந்தக் கடிதத்தின் நகலைப் புது ஆசிரியரிடம் முதல் வாரமே கொடுத்துவிடுகிறேன்.

அக்கா மகள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். பிள்ளைக்கு இது வர பாதி வாய்ப்பு, ஆண் என்றால் என் மகனைப் போல, பெண் என்றால் எங்களைப் போல. முதல் பல் முளைத்ததும் குழந்தைகள் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும், குடும்ப மரத்தின் நகலையும் என் மகனின் அறிக்கையையும் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி, இரண்டையும் அவள் கோப்பில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் மாமியாரிடமும் நானே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன்.